சிரிக்க முடியாத ஊரில் ஒரு காதல்: 'ரிஸ்ட்கட்டர்ஸ்' படத்தைப் பற்றி ஏன் இவ்வளவு சண்டை?

கேள்வி இதுதான்: 'ரிஸ்ட்கட்டர்ஸ்: எ லவ் ஸ்டோரி' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்த்தவர்களில் சிலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலர் இது தற்கொலையை அழகாக்கிக் காட்டுகிறது என்று கோபப்படுகிறார்கள். வேறு சிலர் எல்லாம் சரி, முடிவு மட்டும் ஏமாற்று வேலை என்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி? படத்தைப் பார்க்கலாமா?

நான் இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். இதற்கு மூலமான, இஸ்ரேலிய எழுத்தாளர் எட்கர் கெரெட்டின் குறுநாவலையும் படித்திருக்கிறேன், அதே கதை காமிக்ஸாக வந்ததையும் படித்திருக்கிறேன். கோபப்படுகிறவர்கள் படத்தைவிட அதன் பெயரையும் விளம்பரத்தையும் பார்த்துத்தான் கோபப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் கொண்டாடுகிறவர்களும் கடைசி ஐந்து நிமிடத்தில் இருக்கிற ஒரு சிக்கலைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். விளக்கிச் சொல்கிறேன். முடிவு வரை கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, அதனால் முதலில் படம் பார்க்க நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற உங்களுக்கே இப்போது மனசு அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தால், இந்தப் படம் இப்போதைக்கு வேண்டாம். இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. படம் எங்கேயும் போய்விடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சரி, கதை. ஸியா என்று ஒரு இளைஞன். காதலி டெஸிரே அவனை விட்டுப் போய்விட்டாள். ஒரு நாள் அறை முழுவதையும் கூட்டிப் பெருக்கி, சாமான்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு உயிரை விடுகிறான். கண் மூடும்போது அவன் பார்வையில் கடைசியாகப் படுவது, மூலையில் பெருக்காமல் விட்டுப்போன ஒரு தூசிப் பந்து. இவ்வளவு நேரம் கூட்டியும் அது மட்டும் தப்பிவிட்டது. படம் எப்படிப்பட்டது என்று இந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. பெரிய இசை இல்லை, புலம்பல் இல்லை, ஒரு தூசி.

செத்த பிறகு ஸியா போய்ச் சேருகிற இடத்தில் நெருப்பும் இல்லை, மேகமும் இல்லை. தற்கொலை செய்துகொண்டவர்கள் மட்டும் வாழ்கிற ஓர் உலகம் அது. நம் உலகம் மாதிரியேதான் இருக்கிறது, எல்லாமே கொஞ்சம் மட்டம். நிறம் மங்கிக் கிடக்கிறது. ராத்திரி வானத்தில் நட்சத்திரம் கிடையாது. யாராலும் சிரிக்க முடியாது, புன்னகைகூட வராது. ஸியாவுக்கு 'கமிகாஸி' என்ற பீட்ஸா கடையில் வேலை. அங்கேயும் வாடகை கொடுக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், அறை நண்பனோடு சண்டை போட வேண்டும். செத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தவர்கள் எல்லோரும் அங்கே தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் பழைய நண்பன் ஒருவனைப் பார்க்கிறான். தனக்குப் பின்னால் கொஞ்ச நாளிலேயே டெஸிரேயும் உயிரை விட்டுவிட்டாள் என்று அவன் மூலம் தெரிகிறது. அப்படியானால் அவளும் இங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும். தன் ரஷ்ய நண்பன் யூஜீனைக் கிளப்பிக்கொண்டு, அவனுடைய ஓட்டைக் காரில் அவளைத் தேடிப் புறப்படுகிறான். வழியில் மிக்கால் என்ற பெண் கைகாட்டி ஏறிக்கொள்கிறாள். அவளுடைய பிரச்சினை வேறு. தான் சாக நினைக்கவே இல்லை, போதை மருந்து அளவு மீறிப்போனது ஒரு விபத்து, தன்னைத் தவறுதலாக இங்கே கொண்டு வந்து போட்டிருக்கிறார்கள் என்று சொல்கிறாள். இந்த இடத்தை நிர்வகிக்கிற அதிகாரிகளைக் கண்டுபிடித்து மனுக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவள் பயணத்தின் நோக்கம். மூன்று பேரும் பாலைவனச் சாலையில் போய்க்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் படத்தின் பெரும்பகுதி.

இயக்குநர் கோரன் டுகிச் குரோஷியாவில், ஸாக்ரெபில் பிறந்தவர். இது அவருடைய முதல் முழுநீளப் படம். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2007 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் கொஞ்ச அரங்குகளில். ஸியாவாக பேட்ரிக் ஃப்யூஜிட், மிக்காலாக ஷானின் சோஸமன், யூஜீனாக ஷே விகாம். பாட்டுக்காரர் டாம் வெயிட்ஸ் க்னெல்லர் என்ற வயசாளியாக வருகிறார். ஒளிப்பதிவாளர் வான்யா செர்னூலும் குரோஷியக்காரர்தான். வெயிலில் வெளுத்துப்போன துணி மாதிரி ஒரு நிறத்தைப் படம் முழுவதும் கொண்டுவந்திருக்கிறார். பெரிய பணம் இல்லாமல் எடுத்த படம் என்பது பார்க்கும்போதே தெரியும். அதுவே இந்தக் கதைக்கு உதவியும் இருக்கிறது: பொட்டல் வெளி, கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க், துருப்பிடித்த சாமான்கள். இதைவிட அதிகமாகச் செலவழித்திருந்தால் 'கொஞ்சம் மட்டமான உலகம்' கிடைத்திருக்காது.

இப்போது முதல் சண்டைக்கு வருகிறேன். தற்கொலையை அழகாக்குகிறதா?

இந்தக் குற்றச்சாட்டுக்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது. 2007-இல் படம் வெளியாகும்போது சாலை எச்சரிக்கைப் பலகை பாணியில், மனிதர்கள் உயிரை விடுவது போன்ற உருவங்களைப் போட்டு விளம்பரம் தயாரித்தார்கள். தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்கிற அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அவர்கள் எதிர்த்தது முழுக்க நியாயம் என்றுதான் சொல்வேன். படத்துக்குள் இருக்கும் எந்தச் சோர்வும் எந்த வருத்தமும் அந்தப் பலகைகளில் இல்லை. தெருவில் போகிற, படத்தைப் பற்றி எதுவும் தெரியாத, மனசு உடைந்த ஒருவர் அதைப் பார்த்தால் என்ன ஆகும்? பெயரும் அப்படித்தான். கெரெட்டின் மூலக்கதைக்குப் பெயர் 'க்னெல்லரின் கோடை முகாம்' என்கிற மாதிரியான ஒன்று. சினிமாவுக்காகத்தான் இந்தக் கத்தி மாதிரியான பெயரை வைத்தார்கள். பெயரைக் கேட்டதுமே ஒதுங்கிப்போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஊடகத்தில் தற்கொலையைக் காட்டுவதால் வரும் விளைவுகளைப் பற்றி ஐம்பது வருஷமாக ஆராய்ச்சி நடந்து வருகிறது. 1974-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபிலிப்ஸ், பத்திரிகைகள் ஒரு தற்கொலையைப் பெரிதாகப் போட்ட பிறகு எண்ணிக்கை கூடுவதைக் காட்டி, அதற்கு 'வெர்தர் விளைவு' என்று பெயர் வைத்தார். ஜெர்மன் எழுத்தாளர் கதேயின் நாவலில் தற்கொலை செய்துகொள்ளும் நாயகன் பெயர் அது. 2010-இல் வியன்னாவைச் சேர்ந்த தாமஸ் நீடர்க்ரோடென்தாலரும் அவர் குழுவும் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். நெருக்கடியில் இருந்த ஒருவர் அதைத் தாண்டி வந்ததைச் சொல்லும் செய்திகளுக்குப் பிறகு எண்ணிக்கை குறைவதைக் கண்டார்கள். மோட்ஸார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் பபகேனோ என்ற பறவை பிடிப்பவன் சாகப் போகிற நேரத்தில் மூன்று சிறுவர்கள் வந்து வேறு வழி இருக்கிறது என்று ஞாபகப்படுத்துவார்கள். அதனால் இதற்கு 'பபகேனோ விளைவு' என்று பெயர்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் படத்தில் நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது. தொடக்கக் காட்சியும், ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று காட்டும் துண்டுக் காட்சிகளும் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படி என்று காட்டவே தேவையில்லை, அதைச் சிரிப்புக்காகக் காட்டுவது இன்னும் தேவையில்லை. 2017-இல் வந்த '13 ரீசன்ஸ் வை' தொடரில் இப்படி ஒரு காட்சி பெரிய பிரச்சினையாகி, நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் அதை வெட்டி எடுத்தது. இந்தப் படம் இன்றைக்கு வந்திருந்தால் அந்தத் துண்டுகளை இப்படி எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் மற்ற எண்பது நிமிடமும் படம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்கிறது: எதை விட்டு ஓடிவந்தாயோ அது உன்னோடு கூடவே வந்திருக்கிறது. தற்கொலையை அழகாக்குகிற கதைகளில் செத்த பிறகு நிம்மதி கிடைக்கும், காதலர்கள் மேலே போய்ச் சேருவார்கள், விட்டுப்போனவர்கள் அழுவதைப் பார்த்து ஒரு திருப்தி கிடைக்கும். இங்கே அது எதுவும் கிடையாது. டெஸிரேயைக் கண்டுபிடித்த பிறகும் ஸியாவுக்கு எதுவும் கிடைப்பதில்லை. அவள் வேறொரு கூட்டத்தில் சேர்ந்து, தன்னை மெசியா என்று சொல்லிக்கொள்கிற ஒருவன் பின்னால் போயிருக்கிறாள். யாருக்காக உயிரை விட்டானோ அவளைத் தேடிக் கண்டுபிடித்து, அவளிடம் பேச ஒன்றுமில்லாமல் நிற்கிறான்.

இங்கே ஒரு சொந்த விஷயம். இரண்டாவது தடவை இந்தப் படத்தை ஒரு நண்பனோடு சேர்ந்து பார்த்தேன். அவனுடைய தம்பி நான்கு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் போனான். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், அவன்தான் பெயரைப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னான். யூஜீனின் குடும்பம் முழுவதும், அப்பா, அம்மா, தம்பி எல்லோருமே, ஒருவர் பின் ஒருவராக இந்த உலகத்துக்கு வந்து ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். அந்த வீட்டைக் காட்டியதும் நண்பன் படத்தை நிறுத்தச் சொன்னான். "அங்க போனா எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்களா? என்னடா இது?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டீ போட்டுக் குடித்தோம். அரை மணி நேரம் கழித்து அவனே திரும்பப் போடச் சொன்னான். அந்தக் காட்சியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அந்த அம்மா மூஞ்சியப் பாத்தியா? அங்க போயும் புள்ளைங்களப் பத்தின கவலைதான்" என்றான்.

இந்தக் காட்சியைப் பற்றி நான் படித்த பல கருத்துகளில் அது 'மனசுக்கு இதமான காட்சி' என்று எழுதியிருந்தார்கள். இதமாகப் பார்த்தவர்களும் இருக்கட்டும். ஆனால் இழந்தவர்கள் பார்க்கும்போது அதே காட்சி எப்படிக் குத்தும் என்பதை அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தற்கொலையில் ஒருவரை இழந்த வீட்டில், கூடவே போய்விட்டால் என்ன என்ற எண்ணம் மற்றவர்களுக்கு வருவது அபூர்வம் இல்லை. அந்த எண்ணத்துக்கு இந்தக் காட்சி தெரியாமலே ஒரு வீடு கட்டிக் கொடுக்கிறது. இந்தப் புகாரை நான் முழுசாக ஏற்றுக்கொள்கிறேன்.

அடுத்தது, 'சிரிப்பே வரவில்லை, படம் நகரவே இல்லை' என்ற புகார். இது எதிர்பார்ப்பு சம்பந்தப்பட்டது. நகைச்சுவை என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இந்தப் படம் ஏமாற்றம்தான். எங்கள் ஊர்ப் பக்கம் சாவு வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், செத்தவர் செய்த கூத்துகளைக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ஒப்பாரி, வெளியே இந்தக் கதை. கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும், ஆனால் வாய்விட்டுச் சிரிக்க முடியாது. படத்தின் நகைச்சுவை அந்த வகை. யூஜீனின் காரில் பக்கத்து சீட்டுக்கு அடியில் ஒரு கருந்துளை இருக்கிறது. கண்ணாடி, சிகரெட், எது கீழே விழுந்தாலும் போனதுதான், திரும்பக் கிடைக்காது. யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை, பழைய கார் என்றால் ஏதாவது கோளாறு இருக்கத்தானே செய்யும் என்கிற மாதிரி பழகிப்போய்விட்டார்கள். அதைப் பற்றி யாரும் விளக்கம் கொடுப்பதும் இல்லை. எனக்கு இது பிடித்திருந்தது. சிரிக்க முடியாத உலகம் என்பதால் நடிகர்கள் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சொல்கிறார்கள், அதனாலேயே இன்னும் சிரிப்பு வருகிறது.

காரில் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டு கோகோல் போர்டெல்லோ என்ற குழுவுடையது. உயிரோடு இருந்தபோது யூஜீன் பாடிய பாட்டு என்று கதையில் சொல்கிறார்கள். யூஜீன் பாத்திரமே அந்தக் குழுவின் பாடகர் யூஜின் ஹூட்ஸை மனசில் வைத்து எழுதப்பட்டது. மங்கிப்போன அந்த உலகத்தில் அந்த ஒரு பாட்டு மட்டும் உயிரோடு இருப்பது போல இருக்கும். படம் பிடிக்காதவர்கள்கூட பாட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

படம் தொய்வது வில் ஆர்னெட் வருகிற மெசியா பகுதியில். உடம்பையும் ஆன்மாவையும் பிரித்துக் காட்டுகிறேன் என்று கூட்டம் சேர்க்கும் ஒருவன். அதுவரை ரகசியமாகச் சொல்லிக்கொண்டு வந்த படம் இங்கே மட்டும் சத்தம் போட ஆரம்பிக்கிறது. போலிச் சாமியாரைக் கிண்டல் செய்வது எந்தப் படத்திலும் வரும், அதற்கு இந்த உலகம் தேவையில்லை. இதில் விமர்சிக்கிறவர்களோடு நான் ஒத்துப்போகிறேன்.

இப்போது காதல். 'இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே தெரியவில்லை, எப்போது காதல் வந்தது என்றே புரியவில்லை' என்று பலர் சொல்கிறார்கள். இவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்னொரு தடவை பார்க்கும்போது அவர்கள் இருவரின் வாயை மட்டும் பாருங்கள். சினிமாவில் காதல் வந்துவிட்டது என்பதைப் புன்னகையில்தான் சொல்வார்கள். அவள் திரும்பிப் பார்ப்பாள், அவன் சிரிப்பான், நமக்குப் புரிந்துவிடும். இந்தப் படம் தன் விதியாலேயே அந்த வழியை அடைத்துவிட்டது. அதனால் காதலை வேறு எங்கேயோ வைக்க வேண்டியிருக்கிறது: கார் நின்ற இடத்தில் யார் முதலில் இறங்குகிறார்கள், யார் பேச்சை யார் முடிக்கிறார்கள், ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் எங்கே பார்க்கிறார்கள் என்பதில். ஒரு ராத்திரி கடற்கரைக்குப் போகிறார்கள், இருட்டில் அங்கேயே படுத்துத் தூங்குகிறார்கள். விடிந்ததும் பார்த்தால் மணல் முழுவதும் ஊசியும் குப்பையும். இருட்டில் அழகாகத் தெரிந்த இடம். ஆனாலும் அந்த ராத்திரி நடந்தது பொய்யாகிவிடுவதில்லை. எனக்கு இது மொத்தப் படத்திலும் மிகப் பிடித்த இடம்.

வழியில் க்னெல்லர் நடத்துகிற முகாமுக்குப் போன பிறகு இன்னொரு விதி வருகிறது. அங்கே சின்னச் சின்ன அற்புதங்கள் தானாக நடக்கும். ஆனால் நடக்க வேண்டும் என்று நினைத்தால் நடக்காது. நடந்தாலும் அதில் எந்தப் பயனும் இல்லை என்கிற அளவுக்கு விட்டுவிட்டால்தான் நடக்கும். எல்லோருக்கும் வருகிறது, ஸியாவுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஏனென்றால் அவன் முயற்சி செய்துகொண்டே இருக்கிறான். டெஸிரேக்காக உயிரை விட்டதும் அந்த மாதிரி ஒரு முயற்சிதானே. டாம் வெயிட்ஸ் இதையெல்லாம் ஒரு டீக்கடைக்காரர் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், அதனால்தான் நம்ப முடிகிறது. படத்தில் சறுக்காத நடிப்பு அவருடையது.

முடிவுக்கு வருவோம். அதிகாரிகள் வந்துவிடுகிறார்கள், மிக்காலின் மனு ஏற்கப்படுகிறது, அவள் போய்விடுகிறாள். க்னெல்லரும் உண்மையில் மாறுவேஷத்தில் இருந்த அதிகாரிதான் என்பது தெரிகிறது. யூஜீன் தனக்குக் கிடைத்த துணையோடு அங்கேயே தங்கிவிடுகிறான். தனியாகக் காரில் திரும்புகிற ஸியா ஒரு கட்டத்தில் சீட்டுக்கு அடியில் இருக்கும் கருந்துளைக்குள் போய்விடுகிறான். க்னெல்லர் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் அவனுடைய கோப்பை எடுக்கிறார். ஸியா ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். பக்கத்துக் கட்டிலில் மிக்கால். ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். சிரிக்கிறார்கள்.

ஏமாற்று என்று சொல்கிறவர்களுடைய வாதம் இது: ஒன்றரை மணி நேரமாக 'இதிலிருந்து திரும்ப முடியாது' என்று சொல்லிவிட்டுக் கடைசியில் திரும்ப விட்டுவிட்டார்கள், கூடவே ஒரு காதலியையும் கொடுத்துவிட்டார்கள். நான் மேலே சொன்ன சிக்கல் இதுதான். உடைந்த மனசோடு பார்க்கிற ஒருவருக்கு, செத்துப் போய்ப் பாடம் கற்றுக்கொண்டு திரும்பி வரலாம், வரும்போது முன்னைவிட நல்ல வாழ்க்கை காத்திருக்கும் என்பதாக இது தொனிக்கலாம். உண்மையில் அப்படி ஒரு கோப்பு எந்த அலமாரியிலும் இல்லை. படத்தை நேசிக்கிறவர்கள் இதைப் பேசாமல் போகக் கூடாது.

ஆனால் முடிவைக் கதையாகப் பார்க்காமல் அந்தச் சிரிப்பை மட்டும் பாருங்கள். எண்பத்தைந்து நிமிடமாக ஒரு முகத்தில்கூட நாம் புன்னகையைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே பாதியில் மறந்துபோய்விடுகிறது, கண் பழகிவிடுகிறது. கடைசியில் இரண்டு முகங்களில் அது வரும்போது, ஒரு மனிதன் சிரிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உடம்பில் உறைக்கிறது. எத்தனையோ படங்களில் எத்தனையோ பேர் சிரித்துப் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி நெஞ்சில் பட்டதில்லை. கதை என்ற முறையில் முடிவு பலவீனம், ஆனால் அந்த ஒரு காட்சிக்காகத்தான் முழுப் படமும் எடுக்கப்பட்டிருக்கிறது. கருந்துளையை முதல் பாதியிலேயே வேடிக்கையாகக் காட்டிவிட்டதால், வழி எங்கிருந்தோ புதிதாக முளைத்தது என்றும் சொல்ல முடியாது. விழுந்தால் போச்சு என்று எல்லோரும் நினைத்த ஓட்டைதான் வெளியே போகும் வாசல்.

மதநம்பிக்கை உள்ள பார்வையாளர்கள் சிலர், கடவுளே இல்லாத மறுமையா, இது நரகமா சொர்க்கமா என்று கேட்கிறார்கள். படம் இதற்குப் பதில் சொல்வதே இல்லை. வெள்ளை உடை போட்ட அதிகாரிகளையும் கோப்புகளையும் காட்டி நிறுத்திக்கொள்கிறது. மறுமையை அரசு அலுவலகமாகக் காட்டுவது சினிமாவில் பழைய வழக்கம்தான். 1946-இல் பிரிட்டனில் பவல், பிரெஸ்பர்கர் என்ற இரண்டு இயக்குநர்கள் சேர்ந்து எடுத்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' படத்திலும் மேலுலகத்தில் கணக்குப் பிசகிப்போய் ஒரு விமானி பூமியிலேயே நின்றுவிடுவான், அதற்குள் காதலித்தும் விடுவான். அதில் பூமி வண்ணத்தில் இருக்கும், மேலுலகம் கறுப்பு வெள்ளையில் இருக்கும். 'ரிஸ்ட்கட்டர்ஸ்' பிடித்தவர்கள் அடுத்து அதைப் பாருங்கள். இருந்த இடத்தில்தான் நிறம் இருந்தது என்பதை அறுபது வருஷ இடைவெளியில் இரண்டு படங்களும் ஒரே மாதிரி சொல்லியிருக்கின்றன.

கடைசியாக, புத்தகம். கெரெட் 1967-இல் பிறந்த இஸ்ரேலிய எழுத்தாளர். கட்டாய ராணுவ சேவையில் இருந்தபோது நெருங்கிய நண்பன் ஒருவனைத் தற்கொலையில் இழந்த பிறகுதான் தான் எழுத ஆரம்பித்ததாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். குறுநாவல் 1998-இல் ஹீப்ருவில் வந்தது. பின்னால் ஓவியர் அசாஃப் ஹனூக்காவோடு சேர்ந்து அதை 'பீட்ஸெரியா கமிகாஸி' என்ற காமிக்ஸாகவும் கொண்டுவந்தார். இழந்தவன் எழுதியது என்பது தெரிந்து படித்தால் அந்த உலகத்தின் நிறம் வேறு மாதிரி தெரியும். போனவன் எங்கே இருப்பான், என்ன செய்துகொண்டிருப்பான், வேலைக்குப் போவானா என்று இருக்கிறவன் யோசிக்கிற யோசனை அது. கதை இஸ்ரேல் மண்ணோடு ஒட்டியது. மதுக்கடைக் காட்சி ஒன்றில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவன் வருவான், செத்தால் கிடைக்கும் என்று சொன்னதெல்லாம் கிடைத்ததா என்று அவனிடம் கேட்பார்கள். படம் அமெரிக்காவுக்கு இடம் மாறியபோது அந்தக் கூர்மை போய்விட்டது. பதிலுக்கு ரஷ்யப் பாட்டுக்காரன் வந்தான்.

முக்கியமான வித்தியாசம் முடிவில். புத்தகத்தில் அந்தப் பெண் போய்விடுகிறாள். அவன் போவதில்லை. அதே பீட்ஸா கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே இருக்கிறான்.

படம் பார்த்து முடித்த அன்றைக்கே நண்பனிடம் காமிக்ஸைக் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தான். எந்த முடிவு பிடித்தது என்று கேட்டேன். "படத்துல அந்த சிரிப்பு நல்லாருந்துச்சு" என்றான். பிறகு புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "இதுல அவன் அங்கயே இருக்கான்டா. நம்மாளும் அங்கதான இருக்கான்" என்றான்.